65 குதிரை எஸ்டீமில் கொஞ்சம் கூடுதல் இழுவை: வேலூர் வெயிலில் சில வருட அனுபவம்

என்னுடையது 1997 மாடல் மாருதி எஸ்டீம், கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பழைய கால சாதனம்) வண்டி. 1298 சிசி, நாலு சிலிண்டர், எட்டு வால்வு, புதிதில் 65 குதிரைசக்தி. காட்பாடி, ஆற்காடு, ஆம்பூர் என்று தினமும் ஓடும் வண்டி இது. குறைந்த செலவில் இதன் இன்ஜினில் செய்த வேலைகள் சில வருட ஓட்டத்துக்குப் பிறகு எப்படி இருக்கின்றன என்று எழுதுகிறேன். பழைய எஸ்டீம், ஜென், ஃபியட் வைத்திருப்பவர்கள் பார்த்தவுடன் கேட்பது "எவ்வளவு செலவாச்சு, எவ்வளவு பவர் ஏறுச்சு?" என்றுதான். ஆனால் வருஷக்கணக்கில் தேய்ந்த இன்ஜினில் அந்த 65 குதிரையே முழுசாக இருக்காது. போனதைத் திரும்பக் கொண்டுவருவதுதான் மலிவான பவர். என் காசில் பாதிக்கு மேல் அதற்குத்தான் போனது, பலனிலும் பாதிக்கு மேல் அதில்தான் வந்தது.

முதலில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று பார்த்தோம். மூன்று சிலிண்டரில் 160 பிஎஸ்ஐக்கு மேல் காட்டியது, ஒன்று மட்டும் 120-ஐத் தாண்டவில்லை. பிளக் ஓட்டை வழியாக அந்தச் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடியும் பார்த்தோம். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஏறவில்லை. அப்படியென்றால் வால்வு சரியாக உட்காரவில்லை. இந்த ஒரு சோதனையால் போரிங், ஓவர்சைஸ் பிஸ்டன் என்று போகவிருந்த பெரிய செலவு தவிர்ந்தது. சிலிண்டர்களுக்கு மேல் மூடியாக இருந்து வால்வுகளைத் தாங்கும் ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும்.

லேத் பட்டறையில் வால்வு சீட்டை மூன்று கோணத்தில் வெட்டி, வால்வை சீட்டில் தேய்த்துப் பொருத்தி (லேப்பிங்), ஸ்டெம் சீல் எல்லாம் புதுசு போட்டோம். ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவி மட்டமாக்கும்போது (ஹெட் பேஸிங்) பட்டறை பாய் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "தம்பி, அரை எம்.எம்.முக்கு மேல கேக்காதே. நம்ம ஊரு வெயிலுக்கு அதுக்கு மேல போனா தட்ட ஆரம்பிச்சுடும்." தட்டுவது என்றால் அதிக அழுத்தத்தில் பெட்ரோல் தாறுமாறாக வெடித்து இன்ஜினில் 'டக் டக்' சத்தம் வருவது. கணக்குப் போட்டுப் பார்த்தாலும் அவர் சொன்னது சரிதான். இந்த இன்ஜினின் போர் (சிலிண்டரின் உள் விட்டம்) 74 எம்.எம்., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 75.5 எம்.எம்.; ஒரு சிலிண்டருக்கு ஏறக்குறைய 325 சிசி. சேம்பர் (ஹெட்டில் பெட்ரோல் எரியும் குழி), கேஸ்கெட் தடிமன், பிஸ்டனுக்கு மேல் உள்ள இடம் எல்லாம் சேர்த்து 40 சிசி சொச்சம் வந்தது. கம்ப்ரஷன் விகிதம் 9க்கு 1. ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, கண்ணாடித் தகட்டை கிரீஸ் தடவி ஒட்டி, ஒரு சிறு துளை வழியாக சிரிஞ்சில் மண்ணெண்ணெய் விட்டுத்தான் சேம்பரை அளந்தோம். அரை எம்.எம். எடுத்தால் இரண்டு சிசிக்குக் கொஞ்சம் குறைவாகப் போகும், விகிதம் 9.3, 9.4 பக்கம் வரும். ஹெட் கீழே இறங்குவதால் டைமிங் பெல்ட்டின் கணக்கில் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) கொஞ்சம் பின்தங்கும். அரை எம்.எம்.மில் அது பெரிய விஷயமில்லை, ஒரு எம்.எம். எடுத்தவர்கள் அதையும் பார்த்தாக வேண்டும்.

ஹெட் வெளியே இருந்தபோதே இன்டேக் போர்ட்டின் (ஹெட்டுக்குள் காற்று நுழையும் வழியின்) வாயை, காற்றைக் கொண்டுவரும் மேனிபோல்டு குழாயோடு பொருந்தும்படி ராவிவிட்டோம். கண்ணாடி மாதிரி பாலிஷ் போடவில்லை. கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் துளிகள் வழவழப்பான சுவரில் படிந்து ஓடும். லேசான சொரசொரப்பு இருந்தால் காற்றோடு கலந்தே போகும். எக்ஸாஸ்ட் பக்கம் பாலிஷ் போட்டால் கரி ஒட்டுவது குறையும். ஹெட் வேலை முழுக்க, சாமான்களோடு 11 ஆயிரம் பக்கம் ஆனது. எல்லாம் பூட்டிய பிறகு நாலு சிலிண்டரும் 180-ஐ ஒட்டிக் காட்டின. இன்றும் அதிலிருந்து பெரிதாக இறங்கவில்லை.

அடுத்தது எக்ஸாஸ்ட். சிலிண்டர்கள் 1-3-4-2 என்ற வரிசையில் வெடிக்கும் இன்ஜினில் 1ஐயும் 4ஐயும், 2ஐயும் 3ஐயும் ஜோடி சேர்த்து, அப்புறம் இரண்டையும் ஒன்றாக்கும் 4-2-1 ஹெட்டர் (புகைக் குழாய்த் தொகுப்பு) தினசரி ஓட்டத்துக்கு ஏற்றது. கீழ் ஆர்.பி.எம்.மிலேயே இழுவை தெரியும். ஒரு வெல்டிங் பட்டறையில் 7 ஆயிரத்துக்குச் செய்தார்கள். ஒரு வருஷத்தில் குழாய்கள் ஒன்றுசேரும் 'கலெக்டர்' அருகே விரிசல் விட்டது. குறுக்கே படுத்திருக்கும் இன்ஜின் கியர் மாற்றும்போதெல்லாம் முன்னும் பின்னும் ஆடும். அந்த ஆட்டத்தை வாங்க வளையும் பெல்லோஸ் வைக்காமல் நேராக வெல்டு அடித்துவிட்டார்கள். பெல்லோஸ் போட்ட பிறகு பிரச்சினை இல்லை. குழாயை ரொம்பப் பெரிசாக்க வேண்டாம். சத்தம்தான் கூடும், கீழ் இழுவை போய்விடும்.

பெட்டியில்லாமல் திறந்திருக்கும் கோன் வடிவ ஏர் பில்டர் நம் பக்கத்து வெயிலுக்கு நஷ்டம். வெளியே 42 டிகிரி இருக்கும்போது பானட்டுக்குள் 65 டிகிரி காற்றை இழுத்தால் அடர்த்தியில் 7 சதவீதம் அப்படியே போகிறது. பழைய பில்டர் பெட்டியையே வைத்து, ஒரு குழாயை கிரில்லுக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டேன். சில நூறு ரூபாய் வேலை, சித்திரை மதியத்தில் நன்றாகவே வித்தியாசம் தெரிகிறது.

கூலிங்கைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். சூடு ஏறுகிறது என்றதும் கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசும் பழக்கம் இங்கே பல இடத்தில் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். 80 டிகிரியைத் தாண்டித் திறக்கும் அந்த வால்வு இல்லாவிட்டால் மார்கழிக் காலையில் இன்ஜின் சூடாகவே நேரம் எடுக்கும். பெட்ரோல் வீணாகும், போர் தேயும். வெயில் காலச் சூட்டுக்குக் காரணம் பெரும்பாலும் நம்ம போர்வெல் தண்ணீரின் உப்புதான். ரேடியேட்டரைத் திறந்து ராடு விட்டுச் சுத்தம் செய்து, கூலன்டோடு டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுகிறேன். அதிலிருந்து பள்ளிகொண்டா டோல்கேட் வரிசையில் ஏசியோடு நின்றாலும் முள் பாதியைத் தாண்டுவதில்லை.

இப்போது கார்புரேட்டர் வண்டிக்காரர்கள் கவனிக்க வேண்டியது பெட்ரோலில் கலக்கும் 20 சதவீத எத்தனால். சுத்தமான பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். இந்தக் கலவைக்கு 13.5 போதும். கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டரால் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் சென்சார் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அது தெரியாது. பெட்ரோல் போதாமல் ஓடும், பிளக் வெள்ளையாகும். கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் துளையான மெயின் ஜெட்டை 4 சதவீதம் பெரிதாக்கியதும் பிளக் பழுப்பு நிறத்துக்குத் திரும்பியது. பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயாபிரம் எல்லாம் மாற்றியே ஆக வேண்டும். நல்லது ஒன்றும் உண்டு: இந்த எரிபொருளின் தரத்தில் ஆக்டேன் (தட்டாமல் தாங்கும் திறனின் அளவு) 95, சாதாரண பெட்ரோலில் 91. கம்ப்ரஷன் ஏற்றிய இன்ஜின் தட்டாமல் ஓட இது உதவுகிறது.

மூன்றாவது கியரில் 40-லிருந்து 80 தொட முன்பு 11 நொடிக்கு மேல் ஆகும், இப்போது 9க்குள். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் முன்பு முதல் கியருக்கு இறங்கிய இடங்களை இரண்டாவதிலேயே ஏறுகிறது. மேலே 1,100 மீட்டர் உயரத்தில் காற்று மெலிவதால் கொஞ்சம் கரும்புகை வரும். எந்தக் கார்புரேட்டரும் அப்படித்தான். நெடுஞ்சாலையில் மைலேஜ் 15க்குக் குறையவில்லை. மொத்தச் செலவு 30 ஆயிரத்துக்குள்.

எம்.பி.எஃப்.ஐ. எஸ்டீமின் 16 வால்வு, 85 குதிரை இன்ஜினைத் தூக்கி வைக்கலாமே என்பார்கள். இடத்தில் உட்காரும், ஆனால் இ.சி.எம். (இன்ஜினை இயக்கும் கணினி), ஒயரிங், பெட்ரோல் பம்ப் எல்லாம் சேர்ந்து வர வேண்டும். ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றவும் வேண்டும். ஏற்றாமல் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ உண்டு. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ்காரர்களும் அதைத்தான் முதலில் பிடிப்பார்கள். இன்ஜினோடு சுழலும் கனமான சக்கரமான பிளைவீலைக் கடைந்து எடை குறைப்பதையும் நான் தொடவில்லை. வார்ப்பிரும்பு அது, பேலன்ஸ் பார்க்கும் வசதி இல்லாத இடத்தில் கடைவது கிளட்ச் பெட்டிக்குள் ஆபத்தை வைப்பது.

ஹெட்டரில் காசு போடுவதற்கு முன் பிரேக்கைப் பாருங்கள். முன் டிஸ்க் பேடு, பின் டிரம் ஷூ, வீல் சிலிண்டர், ஐந்து வருஷத்துக்குள்ளான டயர். இதெல்லாம் சேர்ந்து ஹெட் வேலையின் செலவை நெருங்கியது, அதையும் சேர்த்துத்தான் மேலே சொன்ன 30 ஆயிரம்.