பழைய புகைப்படமும் ‘யூஸ்டு டு’வும்: ஆறு வருட வகுப்பு அனுபவம்

பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். சிறுவயது நினைவுகளைப் பேசவைக்கும் பாடத்தை ஆறு வருடமாக ஒரே முறையில்தான் நடத்துகிறேன்: ஆளுக்கொரு பழைய புகைப்படம் கொண்டுவந்து, அதை வைத்துப் பேச வேண்டும். பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. வாயே திறக்காதவர்கள்கூடப் படத்தைக் கையில் எடுத்ததும் நிறுத்துவதில்லை. இலக்கணம்தான் காலை வாரியது.

அதற்குக் காரணமும் நான்தான். முன்பு வழக்கமாக இருந்து இப்போது இல்லாததைச் சொல்லத்தான் ஆங்கிலத்தில் ‘யூஸ்டு டு’ (used to). முதல் இரண்டு வருடம் அதை வெறுமனே ‘வழக்கம்’ என்று எழுதிப்போட்டேன். ‘தினமும் நடக்கப் போவது வழக்கம்’ என்றால் இன்றும் போகிறார் என்றுதானே அர்த்தம்? அன்று காலைகூட நடந்துவிட்டு வந்தவர் ‘ஐ யூஸ்டு டு வாக் எவ்ரி டே’ என்பார். கேட்பவர், பாவம், நடப்பதை விட்டுவிட்டார் என்று நினைத்துக்கொள்வார்.

இப்போது தமிழிலிருந்தே தொடங்குகிறேன். ‘அப்போதெல்லாம் தாத்தா கதை சொல்வார்’ என்கிறோம். நடந்து முடிந்த விஷயம், வினை மட்டும் எதிர்கால வடிவத்தில். இதை அப்படியே கொண்டுபோய் ‘வில் டெல்’ என்பார்கள். அன்று திரும்பத் திரும்ப நடந்ததைச் சொல்ல அங்கே வரவேண்டியது ‘வுட் டெல்’. ஆனால் ‘எங்களிடம் ஒரு நாய் இருந்தது’ என்போம், ‘இருக்கும்’ என்று சொல்வதில்லை. ஆங்கிலத்திலும் அங்கே ‘வுட் ஹேவ்’ ஒட்டாது, ‘யூஸ்டு டு ஹேவ்’தான். இந்த ஒற்றுமையைக் காட்டிய பிறகு பாதித் தவறுகள் தாமாகவே உதிர்ந்துவிட்டன.

ஒரே ஒருமுறை நடந்ததற்குச் சாதாரண இறந்தகாலம் போதும். மரத்திலிருந்து விழுந்த கதையை ஒருவர் ‘ஐ யூஸ்டு டு பிரேக் மை ஆர்ம்’ என்று தொடங்க, அடிக்கடி கையை ஒடித்துக்கொள்வார் போல என்று வகுப்பே சிரித்தது. அவரும்தான். ‘ஐந்து வருடம் இருந்தோம்’ என்று கணக்குச் சொல்லும்போதும் ‘வி லிவ்டு’தான்.

‘ஐ ஆம் யூஸ்டு டு’ என்ற ‘பழகிவிட்டது’ சமாச்சாரத்தை அதே நாளில் தொடவே மாட்டேன். ஒருமுறை தொட்டேன், அடுத்த மூன்று வகுப்புகள் குழப்பம் தீர்ப்பதிலேயே போயின.

இந்த முறையில் ஒரு குறை உண்டு. எல்லோருக்கும் சிறுவயது இனிப்பதில்லை. ஒரு மாணவி படத்தை வெளியே எடுத்தார், பார்த்தார், பேசாமல் பைக்குள் வைத்துவிட்டார். அப்புறம் நான் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. விருப்பமில்லாதவர்கள் தங்கள் பழைய கைபேசியைப் பற்றிப் பேசலாம் என்று முன்பே சொல்லிவிடுகிறேன். பேச்சு கொஞ்சம் வறட்சிதான். வாக்கியங்கள் மட்டும் சரியாக வந்துவிடுகின்றன.