தனியாக முதல் மலையேற்றம்: வெள்ளியங்கிரியா, திரியுண்டா, சந்தக்பூவா?

கூட வருவதாகச் சொன்ன நண்பன் கடைசி நேரத்தில் கழன்றுகொண்டதால்தான் நான் தனியாக மலையேறவே ஆரம்பித்தேன். அதனால் தனிமையின் அழகு பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. ஒரே கேள்வியை வைத்து மூன்று இடங்களையும் பார்க்கிறேன்: வழியில் கால் பிசகி உட்கார்ந்துவிட்டால், அடுத்த ஆள் அந்தப் பக்கம் வர எவ்வளவு நேரமாகும்?

முதலில் சட்டம். தமிழ்நாட்டில் காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ 23 உயிர்களைக் கொண்டுபோன பிறகு கெடுபிடி இன்னும் கூடிவிட்டது. 2024 அக்டோபரில் வனத்துறையே 40 பாதைகளுக்கு இணையத்தில் முன்பதிவைத் திறந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். ஒத்திகைக்குச் சரி, தனியாகப் போகிற ஆசைக்கு அது போதாது.

வெள்ளியங்கிரிக்கு வருவோம். கோவைக்குப் பக்கத்தில் பூண்டி அடிவாரம், ஏழு மலை, பொதுவாக பிப்ரவரி முதல் மே வரை அனுமதி. பெண்களுக்கு வயதுக் கட்டுப்பாடு இருந்துவருகிறது. சீசனில் அடுத்த ஆள் அரை நிமிடத்தில் வந்துவிடுவார், கூட்டம் அப்படி. அதை நம்பித்தான் பலரும் பயிற்சியே இல்லாமல் ஏறிவிடுகிறார்கள். முதல் மலைப் படிக்கட்டிலேயே பாதி உயிர் போய்விடும். நெஞ்சுவலி வந்து இறந்தவர்களும் உண்டு. மேலே ஒருவர் விழுந்தால் டோலி கட்டித்தான் இறக்க வேண்டும். அடிவாரத்தில் விற்கும் மூங்கில் தடியை நான் முதலில் பக்திச் சமாச்சாரம் என்று நினைத்தேன். இறங்கும்போது முட்டி இரண்டும் தந்தியடித்தபோதுதான் அது மூன்றாவது கால் என்று புரிந்தது. உடம்பைச் சோதித்துப் பார்க்க நல்ல மலை. ஆனால் முன்னால் போகிறவர் குதிகாலைப் பார்த்துக்கொண்டே ஏறுவதைத் தனிப்பயணம் என்று எப்படிச் சொல்வது?

திரியுண்ட் இமாச்சலத்தில், தரம்சாலாவை ஒட்டிய மெக்லியோட்கஞ்சுக்கு மேலே, சுமார் 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பதான்கோட் வரை ரயில், அப்புறம் பஸ். தரம்கோட்டைத் தாண்டி கல்லு தேவி கோயிலிலிருந்து பாதை ஒன்றுதான். நன்றாகத் தேய்ந்த கல்பாதை, வழிதவறுவது கஷ்டம். இடையிடையே டீக்கடைகள். இரண்டு டீக்கடைகளுக்கு நடுவில் நீங்களும் புராஸ் (ரோடோடென்ட்ரான்) மரங்களும் மட்டும்தான். புதிதாகத் தனியாகப் போகிறவருக்கு வேண்டிய அளவு தனிமை இதுதான் என்பேன். கால் பிசகினால் அநேகமாக பத்து இருபது நிமிடத்தில் யாராவது வருவார்கள்.

கடைசி ஒரு கிலோமீட்டர் மட்டும் வளைந்து வளைந்து செங்குத்தாக ஏறும், மூச்சு வாங்கும். ஏறி முடித்ததும் புல்வெளி, எதிரே தௌலாதார் மலைத்தொடர் சுவர் மாதிரி நிற்கும். சிக்கல் வானிலைதான். மதியத்துக்கு மேல் மேகம் சட்டென்று இறங்கும். ஜூலை, ஆகஸ்டில் தரம்சாலா மழை நம் ஊர்க் கணக்குக்குள் அடங்காது, அந்த மாதங்களை விட்டுவிடுங்கள். காலை ஏழுக்கே கிளம்புங்கள். நான் பத்தரைக்குக் கிளம்பி, இறங்கும்போது இருட்டிப்போய், செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு கல்லாகத் தடவி வந்தேன். தலையில் மாட்டும் டார்ச் பையில்தான் இருந்தது, பேட்டரியோ நான் தங்கியிருந்த அறையில் கிடந்தது. மேலே இரவு தங்க அனுமதி உண்டா என்பதைக் கீழேயே விசாரித்துவிடுங்கள். தண்ணீர் இரண்டு லிட்டராவது சுமக்கத்தான் வேண்டும். மேலே விற்பதெல்லாம் கோவேறு கழுதை முதுகில் ஏறிவந்தது, விலையும் கூடவே ஏறியிருக்கும்.

சந்தக்பூ வேறு ரகம். மேற்கு வங்கத்தின் மிக உயரமான இடம், 3,636 மீட்டர். அடிவார ஊரான மானேபஞ்சனிலிருந்து தும்லிங், காலிபொக்ரி வழியாக மூன்று நாள் நடை. வானம் தெளிந்தால் கஞ்சன்ஜங்காவும் எவரெஸ்டும் ஒரே பார்வையில் கிடைக்கும். அந்த ஒரு காலைக்காகவே போகலாம். ஆனால் மானேபஞ்சனில் வழிகாட்டி வைத்துக்கொண்டே ஆக வேண்டும். தவிர, 2,500 மீட்டருக்கு மேல் உயர நோய் யாரையும் பிடிக்கலாம். தலைவலியும் குமட்டலும் வந்தால் அதற்கு மேல் ஏறக்கூடாது, கூடினால் இறங்கிவிட வேண்டும். லேண்ட்ரோவர் ஜீப்பில் ஒரே நாளில் உச்சிக்குப் போவது சுகமாகத் தெரியும். உடம்புக்கோ அதுதான் கெடுதல், மெதுவாக நடந்து ஏறுவதே நல்லது. ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை, இந்தப் பாதை போகிற சிங்காலிலா தேசியப் பூங்கா மூடியிருக்கும்.

என் ஓட்டு திரியுண்டுக்கு. கோவைப் பக்கத்துக்காரர், டிக்கெட்டுக்குக் காசில்லை என்றால் வெள்ளியங்கிரி, அதுவும் வார நாளில். சந்தக்பூவை இரண்டாவது வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

எங்கே போனாலும், இத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எண்ணோடு எழுதி வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போங்கள். வாட்ஸாப்பில் சொன்னால் அம்மா கண்ணில் படாது. என் அம்மா அந்தத் தாளை இன்னும் கிழிக்கவில்லை.