நான்கு தைப்பூசம் கண்ட எடைப் பகிர்வு ஹிட்ச்

செந்தூலில் எங்களுடையது மூலை வீடு. அதனால்தான் பிக்கப்பின் பின்னால் கோர்த்து இழுக்கும் சக்கர வீடான கேரவனை நிறுத்த இடம் கிடைத்தது. ஆஸ்திரேலியாவில் ஓடிக் களைத்து வந்த வண்டி, சாமான்களோடு 1,400 கிலோ. பிக்கப்பில் கோர்த்த முதல் நாளே பிக்கப்பின் பின்புறம் உட்கார்ந்துவிட்டது. முகப்பு விளக்கு எதிரே வருகிறவர்களின் கண்ணைக் குத்தியது. ஸ்டீயரிங்கில் பிடிப்பே இல்லை. அதற்காக வாங்கியதுதான் இரண்டு வண்டிகளையும் கோர்க்கும் இந்த ஹிட்ச்.

என் தாத்தா தோட்டத்தில் மாட்டு வண்டி ஓட்டியவர். முன்பாரம் ஏறினால் மாட்டின் கழுத்து நோகும், பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கும் என்பார். இங்கேயும் அதே கணக்குதான். கேரவனின் முன்முனை, அதாவது மூக்கு, அமரும் ஹிட்ச் பந்தின் அடியிலிருந்து வரும் இரண்டு ஸ்பிரிங் கம்பிகளைச் சங்கிலியால் கேரவனின் சட்டத்தோடு இழுத்து மாட்டினால், பின் அச்சில் குவிந்த பாரத்தில் ஒரு பங்கு முன் அச்சுக்கும் கேரவன் சக்கரங்களுக்கும் போகிறது. மொத்த எடை குறைவதில்லை. ஹிட்ச்சின் சொந்த எடையும் பிக்கப்பின் கணக்கில்தான் சேரும்.

பொருத்திக் கொடுத்த பட்டறைக்காரர் சங்கிலியைக் கண்ணளவிலேயே மாட்டினார். வீட்டுக்கு வந்து டேப் வைத்துப் பார்த்தேன். கேரவன் இல்லாதபோது முன்சக்கர வளைவின் உயரம் தரையிலிருந்து 91 செ.மீ. கம்பி இல்லாமல் கோர்த்தால் 94. ஏறிய உயரத்தில் பாதியாவது இறங்க வேண்டும், அதாவது 92.5. பட்டறையின் வேலை 93.6-இல் நின்றது! சங்கிலியில் ஒரு கண்ணியைக் குறைத்தேன், 92.9 வந்தது. பந்து அமர்ந்திருக்கும் தலையை ஒரு வாஷர் அளவு பின்னோக்கிச் சாய்த்தேன், 92.2. அதோடு விட்டுவிட்டேன். பேராசையில் 91-க்கும் கீழே இழுத்தால் பின்சக்கரம் பிடிப்பை இழக்கும்.

கம்பியை வெறும் நெம்புகோலால் மாட்டாதீர்கள். நழுவினால் கை உடையும். கோர்த்த பிறகு ஜாக்கால் கேரவனின் மூக்கையும் பிக்கப்பின் பின்புறத்தையும் சேர்த்துத் தூக்கிவிட்டால் சங்கிலி தானாகவே தளர்ந்து கொடுக்கும்.

இரண்டாம் வருடம் நல்ல பாடம் கிடைத்தது. பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் அன்னதானத்துக்கு அரிசி மூட்டைகளையும் அண்டாவையும் கேரவனின் பின்பக்கம் அடுக்கியிருந்தோம். மெனோரா சுரங்கப்பாதை தாண்டிய இறக்கத்தில் கேரவன் வாலை ஆட்டத் தொடங்கியது. முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, கேரவனின் மின் பிரேக்கை மட்டும் கையால் அழுத்தினேன், நேரானது. ஹிட்ச்சைத்தான் திட்டினேன். பினாங்கு போய்ச் சேர்ந்ததும், கம்பிகளைக் கழற்றி, கேரவனின் மூக்கு எவ்வளவு அழுத்துகிறது என்று பார்த்தேன். பலகையின் ஒரு முனை செங்கல் மேல், மறு முனை உடல் எடை பார்க்கும் தராசின் மேல். செங்கல்லிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் மூக்கை இறக்கினேன். பலகையின் பாரத்தைக் கழித்தபின் தராசு 22 காட்டியது. மூன்றால் பெருக்கினால் 66 கிலோ. மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை இருக்க வேண்டிய இடத்தில் ஐந்துகூட இல்லை. மூட்டைகளை அச்சுக்கு முன்னால் நகர்த்தினோம், 186 ஆனது. திரும்பும்போது 24 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்கின் இரண்டாவது பாலத்தின் பக்கக் காற்றில்கூட ஆட்டம் இல்லை.

குறைகளும் உண்டு. திருப்பங்களில் கம்பி முனகுகிறது. தாமான் (குடியிருப்புப் பகுதி) வேகத்தடைகளில் சங்கிலித் தாங்கி உரசியிருக்கிறது. கடற்கரையில் இரண்டு இரவு நின்றால் துரு பூக்கிறது. முதல் பயணத்துக்குப் பிறகு போல்ட்டுகளை மறுபடி முறுக்கியே ஆக வேண்டும். எனக்கு இரண்டு தளர்ந்திருந்தன.

பக்கத்து வீட்டு அண்ணன் சென்ற மாதம் இரவல் கேட்டார். அவருடையது ஐரோப்பிய கேரவன். பிக்கப் வேகம் குறையும்போது கேரவனின் மூக்கு உள்ளே நழுவி, அந்தத் தள்ளலிலேயே பிரேக் பிடிக்கும் வகை. கம்பிகளின் இறுக்கம் அந்த நழுவலைத் தடுத்துவிடும். கோபித்துக்கொண்டார்; ஆனாலும் கொடுக்கவில்லை.