பாடத்துணைச் சேவைகளோடு பல ஆண்டுகள்: ஒரு புள்ளியியல் ஆசிரியரின் மதிப்பீடு

முதலாண்டு மாணவர்களுக்குப் புள்ளியியல் அடிப்படைகளைக் கற்பிப்பவன் என்ற முறையில், வளாகத்தில் கிடைக்கும் பாடத்துணைச் சேவைகள் ஏறத்தாழ எல்லாவற்றையும் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். சக மாணவர் நடத்தும் துணை வகுப்பு, எழுத்துப் பயிற்சி மையம், துறைக்கென உள்ள நூலகர், இணையவழிக் கற்றல் தளம், ஆசிரியர்களுக்கான கற்பித்தல் மேம்பாட்டு மையம் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. பாடத்தின் போக்கோடு பிணைக்கப்பட்ட சேவைகள் கண்கூடாகப் பலன் தருகின்றன என்பதும், 'தேவைப்படுவோர் அணுகலாம்' என்று பாடத்திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் முகவரியாக மட்டும் நிற்பவை, உதவி கேட்கும் துணிவு ஏற்கெனவே உள்ளவர்களுக்கே போய்ச் சேர்கின்றன என்பதும் இத்தனை காலத்தில் எனக்கு உறுதியாகியிருக்கின்றன.

முதலிடம் தர வேண்டுமானால், சக மாணவர் நடத்தும் துணை வகுப்புக்கே தருவேன். இம்முறை 1973-இல் அமெரிக்காவில், மிசௌரி பல்கலைக்கழகத்தின் கன்சாஸ் சிட்டி வளாகத்தில் டியானா மார்ட்டின் என்பவரால் உருவாக்கப்பட்டது. எந்த மாணவரையும் 'பின்தங்கியவர்' என்று அடையாளப்படுத்தாமல், பலரும் தடுமாறும் பாடத்தையே 'கடினமானது' என்று அடையாளப்படுத்துவதுதான் இதன் சிறப்பு. அந்தப் பாடத்தை முன்பு நன்றாக முடித்த ஒரு மாணவர் மறுபடியும் என் வகுப்பில் அமர்ந்து குறிப்பெடுக்கிறார். பிறகு வாரந்தோறும் வகுப்புக்கு வெளியே ஓர் அமர்வு நடத்துகிறார். விரும்பும் எவரும் அதில் கலந்துகொள்ளலாம். நல்ல மதிப்பெண் வாங்குபவர்களும் வந்து உட்காருவதால், அங்கே போவதில் யாருக்கும் கூச்சம் இருப்பதில்லை.

அமர்வை நடத்துபவர் மறுவிரிவுரை நிகழ்த்துவதில்லை என்பதே இதன் உயிர்நாடி. ஒருமுறை அனுமதி பெற்றுப் பின்வரிசையில் அமர்ந்து கவனித்தேன். மாதிரியின் மாறுபாட்டை, அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவைக் கணக்கிடும்போது, மொத்த எண்ணிக்கையால் வகுக்காமல் ஏன் ஒன்று குறைத்து வகுக்கிறோம் என்று ஒரு மாணவி கேட்டார். நடத்தியவர் விடை சொல்லாமல், கரும்பலகையில் ஐந்து கட்டங்கள் வரைந்து, "இந்த ஐந்து எண்களின் சராசரி 10 என்று முடிவாகிவிட்டது. இனி எத்தனை கட்டங்களை உன் விருப்பப்படி நிரப்பலாம்?" என்று கேட்டார். அந்த மாணவியே எழுந்து போய் நான்கு கட்டங்களில் தோன்றிய எண்களை எழுதிவிட்டு, ஐந்தாவதில் கை வைத்தபோது நின்றுவிட்டார். கூட்டுத்தொகை 50 ஆக வேண்டியிருந்ததால் கடைசி எண் தானாகவே முடிவாகியிருந்தது. இப்படி விருப்பப்படி மாறக்கூடிய எண்கள் எத்தனை என்பதைக் குறிக்கும் கட்டற்ற தன்மை என்ற கருத்துக்குப் பாடநூல் தரும் வரையறையைவிட, அந்த ஐந்தாம் கட்டத்தின் முன் நேர்ந்த தயக்கம் அவருக்கு அதிகம் விளக்கியிருக்கும் என்று நினைக்கிறேன். அதன் முழுமையான கணித நிறுவல் வேறு, அதை வகுப்பில் நான் தந்தாக வேண்டும். ஆனால் நிறுவலைக் கேட்பதற்கான ஆவல் இங்கேதான் பிறக்கிறது.

எழுத்துப் பயிற்சி மையத்தைப் பற்றி ஆசிரியர்களிடையே ஒரு தவறான எதிர்பார்ப்பு உண்டு. மாணவரின் கட்டுரையைப் பிழைதிருத்தி அனுப்பும் இடம் அது என்று எண்ணுபவர்கள் ஏமாற்றம் அடைகிறார்கள். பெரும்பாலும் அங்கே மாணவரையே தன் கட்டுரையை வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறார்கள்; பயிற்றுநர் ஒரு வாசகராக இருந்து கேள்வி கேட்கிறார். என் மாணவர் ஒருவர் தன் அறிக்கையில், 'பி-மதிப்பு 0.03, ஆகவே நம் கருதுகோள் உண்மையாக இருக்க 97 விழுக்காடு வாய்ப்பு உண்டு' என்று எழுதியிருந்தார். பயிற்றுநருக்குப் புள்ளியியல் தெரியாது. "இந்த 97 எங்கிருந்து வந்தது?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். அதற்குப் பதில் சொல்ல முடியாமல் என்னிடம் வந்த மாணவருக்கு, தொடர்பு ஏதும் இல்லை என்று வைத்துக்கொண்டால் இந்த அளவோ இதைவிட மிகுதியாகவோ விலகிய முடிவு கிடைக்க உள்ள வாய்ப்பையே பி-மதிப்பு குறிக்கிறது என்பதை விளக்குவது எளிதாக இருந்தது. மொழிப் பயிற்சியும் பாடப் பயிற்சியும் இப்படி ஒன்றையொன்று தொடுவதால்தான், அறிக்கையின் முதல் வரைவை இறுதி நாளுக்கு இரண்டு வாரம் முன்னதாகவே மையத்துக்கு எடுத்துச் செல்லும்படி பணியை வகுத்திருக்கிறேன். கடைசி வாரத்தில் அங்கே நேரம் கிடைப்பது குதிரைக்கொம்பு.

துறைசார் நூலகரின் உதவியை நம்மில் பலர் வீணாக்குகிறோம். பருவத் தொடக்கத்தில் நூலகத்தைச் சுற்றிக் காட்டும் பொது அறிமுகத்தால் பெரிய பயன் இல்லை. மாணவர்களுக்கு அப்போது தேடுவதற்கே ஏதும் இருக்காது. தலைப்பு கையில் கிடைத்த வாரத்தில், அந்தப் பணிக்கென்றே நடத்தப்படும் ஒரு மணி நேர வகுப்புதான் உதவுகிறது. ஒரே பொருளுக்கு வழங்கும் வெவ்வேறு சொற்களைச் சேர்த்துத் தேடுவது, சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுவது, நல்ல கட்டுரை ஒன்று கிடைத்ததும் அதை மேற்கோள் காட்டிய பிற்காலக் கட்டுரைகளைப் பின்தொடர்வது ஆகியவற்றை நூலகர் கற்றுத்தரும் நேர்த்தி எனக்கு வாய்க்காது. 2006-இல் வெளிவந்த ஜொட்டீரோ என்ற, மேற்கோள்களைத் திரட்டி ஒழுங்குபடுத்தும் இலவச மென்பொருளையும் அதே வகுப்பில் நிறுவச் செய்துவிட்டால், மேற்கோள் வடிவம் குறித்த வினாக்கள் பெரிதும் ஓய்ந்துவிடுகின்றன.

கற்றல் தளமாக நாங்கள் பயன்படுத்துவது 2002 முதல் வழக்கில் உள்ள மூடுல். பலரும் அதைக் கோப்புகளைப் போட்டு வைக்கும் அலமாரியாகவே பயன்படுத்துகிறார்கள். அதன் உண்மையான வலிமை வினாவங்கியில் இருக்கிறது. கணக்கீட்டு வகை வினாவில் ஒவ்வொரு மாணவருக்கும் எண்கள் மாறிவரும்படி அமைக்க முடிவதால், விடையைப் பகிர்ந்துகொள்ள வழியில்லாமல் வழிமுறையையே பேச வேண்டியதாகிறது. குறைந்த மதிப்பெண் கொண்ட வாராந்தரத் தேர்வுகளை இதில் நடத்துகிறேன். ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் 81 விழுக்காடும், படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 75 விழுக்காடும் நினைவுகூர்ந்தார்கள்; ஒரு வாரம் கழித்து அது முறையே 42, 56 எனத் தலைகீழாயிற்று. 'திரும்பத் திரும்பப் படித்தும் மறந்துவிடுகிறதே' என்று வருந்தும் மாணவர்களுக்கு இந்த எண்களைக் காட்டுவது வழக்கம்.

அதே தளத்தில் இணைக்கப்பட்ட முன்னெச்சரிக்கை வசதியை மட்டும் என்னால் பாராட்ட முடியவில்லை. உள்நுழைவுகளின் எண்ணிக்கையைக் கொண்டு, 'இம்மாணவர் கவனம் சிதறுகிறார்' என்று அது எச்சரிக்கிறது. எல்லாப் பாடக்குறிப்புகளையும் ஒரே நாளில் பதிவிறக்கி, அச்சிட்டு ஒழுங்காகப் படிப்பவர் அதன் கணக்கில் பொறுப்பற்றவர். தளத்தைத் திறந்து வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பவர் உத்தமர். எச்சரிக்கை மின்னஞ்சல் வந்ததும் நேரில் அழைத்துப் பேசினால் ஏதேனும் பலன் உண்டு. தானியங்கிக் கடிதம் மாணவரைச் சுடுகிறதே தவிர, வழி எதையும் காட்டுவதில்லை.

ஆசிரியர் தரப்பில் எனக்கு மிகவும் உதவியது, பருவத்தின் நடுவில் கற்பித்தல் மையத்திலிருந்து ஒருவர் வந்து கருத்துக் கேட்கும் ஏற்பாடு. நான் வகுப்பை விட்டு வெளியேறிய பின், அவர் மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, எது கற்க உதவுகிறது, எது தடையாக இருக்கிறது, எதை மாற்றலாம் என்று கேட்கிறார்; வகுப்பில் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டவற்றை மட்டுமே எனக்குத் தெரிவிக்கிறார். வேகம் அதிகம் என்று சிலரும் மந்தம் என்று சிலரும் சொல்லும்போது அவை ஒன்றையொன்று ஈடுசெய்துவிட, எஞ்சுவது செயல்படுத்தத் தக்கதாக இருக்கிறது. பருவ இறுதிக் கருத்துப் படிவத்தில் யாரோ ஒருவர் கோபத்தில் எழுதிய ஒற்றை வரியோடு விடுமுறை முழுவதும் மல்லுக்கட்டும் நிலை இதில் இல்லை. திருத்தத்தின் பயனும் கருத்துச் சொன்ன மாணவர்களுக்கே கிடைக்கிறது.

தீராத குறை ஒன்று உண்டு. துணை வகுப்பை நடத்தும் மாணவர்கள் படிப்பை முடித்து வெளியேறும்போது, எந்த இடத்தில் வகுப்பு தடுமாறும் என்ற அவர்களின் அறிவும் உடன் போய்விடுகிறது. அதனால் ஒவ்வோர் அமர்விலும் எழுந்த கேள்விகளை, கேட்டவர் பெயர் இல்லாமல், ஒரு பொதுக் குறிப்பேட்டில் எழுதி வைக்கும்படி கேட்டுக்கொண்டிருக்கிறேன். அடுத்து வருபவர் முதல் அமர்வுக்கு முன் அதைப் படிக்கிறார். மூடுல் வினாவங்கியில் தவறான விடைத் தெரிவுகளை அமைக்க நானும் அதிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன்.