ரீசஸ் குட்டிகள்: ஹார்மோனைக் கொடுத்துப் பார்ப்பதா, தாய்ப்பாலில் அளப்பதா?

ரீசஸ் என்னும் குரங்கினத்தின் குட்டிகளுடைய சமூக நடத்தையை ஆராய, குட்டிக்கே ஹார்மோனைக் கொடுத்துப் பார்ப்பது, தாய்ப்பாலில் உள்ள ஹார்மோனை அளப்பது என்ற இரு வழிகளில் எதைத் தேர்வது என்று தயங்குவோருக்காக இந்த ஒப்பீடு.

காரணத் தெளிவு: 2014இல் வெளியான ஆய்வில், சமூகப் பிணைப்போடு தொடர்புடைய ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனை நெபுலைசர் (மருந்தை ஆவியாக்கித் தரும் கருவி) வழியே சுவாசித்த ஓரிரு வாரக் குட்டிகள், உப்புநீர் ஆவியைச் சுவாசித்தபோது செய்ததைவிட அதிகமாக உதடு சப்பியும் நாக்கு நீட்டியும் முகபாவனை காட்டின, உமிழ்நீரில் மனஅழுத்த ஹார்மோனான கார்டிசாலும் குறைந்தது. பாலில் கார்டிசால் மிகுந்தால் குட்டி பதற்றமாகவும் துணிச்சல் குறைந்தும் இருக்கிறது என்பதோ வெறும் தொடர்புதான், அதுவே காரணம் என்று சொல்ல முடியாது.

சூழல்: முன்னதில் குட்டிகள் தாயைப் பிரிந்து வளர்ந்தவை, இது சிறு குறையன்று. பின்னதில் தாயோடு வளர்பவை.

சிரமம்: இரண்டாவது வழியில் பால் எடுக்கத் தாய்க்கு மயக்க மருந்து தர வேண்டும், பால் சுரக்கத் தாய்க்கும் ஆக்ஸிடோசின் ஊசிதான்.

உடனடி விளைவை அறிய முதல் வழியும், மாதக்கணக்கில் உருவாகும் சுபாவத்தை அறிய இரண்டாவதும் பொருந்தும்.