ஒன்றரை சென்ட் வீட்டில் வாஷிங் மெஷினை எங்கே வைப்பது?

எங்கள் வீடு தர்மபுரியில், பென்னாகரம் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, ஒன்றரை சென்ட் மனையில் இருக்கிறது. ஒரு ஹால், ஒரு பெட்ரூம், அடுப்படி, ஒரே பாத்ரூம், வெளிப்பக்கமாக ஏறும் மாடிப்படி. இதற்குள்ளேயே ஒரு வாஷிங் மெஷின் மூன்று இடம் மாறியிருக்கிறது. கிருஷ்ணகிரியில் அக்கா வீட்டு மெஷின் மொட்டை மாடிக்கு ஏறி இறங்கியது தனிக்கதை. பாலக்கோட்டில் அண்ணன் வீட்டில் மெஷினுக்கென்று இடமே கிடையாது, ஆனால் எங்கள் மூன்று வீட்டிலும் நிம்மதியாகத் துவைப்பது அண்ணிதான். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டதால் எழுதுகிறேன்.

கடையில் எத்தனை கிலோ வேண்டும் என்று கேட்பார்கள், ஃப்ரண்ட் லோடா டாப் லோடா என்று கேட்பார்கள், எத்தனை மாதத் தவணை என்று கட்டாயம் கேட்பார்கள். எங்கே வைக்கப்போகிறீர்கள் என்று கேட்க மாட்டார்கள். நாமும் டேப்பை எடுத்து எந்த மூலை காலி என்று அளந்துவிட்டு வந்துவிடுவோம். அங்கேதான் தப்பு. தண்ணீர் எவ்வளவு உயரத்திலிருந்து வருகிறது, அழுக்குத் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது, துவைத்த ஈரத் துணியை யார் தூக்கிக்கொண்டு நடப்பது, இந்த மூன்றும் தெரிந்த பிறகுதான் மூலையை அளக்க வேண்டும்.

சின்ன வீடுகளில் மெஷின் முதலில் போய்ச் சேர்வது பாத்ரூமுக்குத்தான். எங்களுடையதும் பத்து நாள் ஹாலில் எல்லோருக்கும் காட்சி கொடுத்துவிட்டு அங்கேதான் போனது. டேப் இருக்கிறது, தண்ணீர் போக ஜாலி இருக்கிறது, கீஸருக்குப் போட்ட 16 ஆம்பியர் பாயின்ட் இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்று நினைத்தோம். பாத்ரூம் 4 அடிக்கு 7 அடி. மெஷின் 2 அடிக்கு 2 அடி, அதன் கதவு திறக்க இன்னும் ஒன்றரை அடி. குளிக்கிறவர் மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குளிக்க வேண்டும். அதுகூடப் பழகிவிட்டது.

முதல் மாதமே ஒரு வேடிக்கை. துவைப்பு முடியவே முடியாது, மெஷின் தண்ணீர் எடுத்துக்கொண்டே இருக்கும், மேலே டேங்க் காலியாகும். மெக்கானிக் வந்து பார்த்தார், ஒன்றும் கழற்றவில்லை. கழிவுத் தண்ணீர் குழாயை நாங்கள் நேராக ஜாலிக்குள் கீழே போட்டிருந்தோம், அதனால் உள்ளே போகும் தண்ணீர் நிற்காமல் அப்படியே இழுத்துக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தது. அந்தக் குழாயின் வளைவைத் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்துக்குத் தூக்கி, டேப்பின் கழுத்தில் ஒரு கயிற்றால் கட்டிவிட்டு, "இவ்வளவுதான்க்கா" என்றார். ஃப்ரண்ட் லோடு மெஷின் பெரும்பாலானவற்றுக்கு அந்த வளைவு 60 முதல் 100 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். கையேட்டில் படம் போட்டே சொல்லியிருக்கிறார்கள், படித்தால்தானே.

இரண்டாவதாக நடந்தது வேடிக்கை இல்லை. ஒரு நாள் காலையில் ஈரக் கையோடு துணியை எடுக்கப் போனேன், வளையல் மெஷினின் இரும்பு விளிம்பில் பட்டதும் சுள்ளென்று இழுத்தது. எலக்ட்ரீஷியன் பிளக் போர்டைக் கழற்றினார். உள்ளே எர்த்துக்கான பச்சை ஒயர் இருந்தது, ஆனால் அதன் நுனி எங்கேயும் சேரவில்லை, சுருட்டி மடக்கி போர்டுக்குப் பின்னால் சொருகியிருந்தது. வீடு கட்டியபோது செய்த வேலை, அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை. நம் பக்கம் நிலமும் பாறையும் சரளையும், கோடையில் ஈரம் வற்றிப்போனால் ஒழுங்காகப் போட்ட எர்த்துகூட வலுவிழக்கும், இதில் ஒயரே சேராமல் இருந்தால் கேட்க வேண்டுமா. புதிதாகக் குழி தோண்டி கரியும் உப்பும் போட்டு எர்த் கொடுத்தோம், 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே சப்ளையைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் போட்டோம். எத்தனை பேர் பாத்ரூமில் வைத்திருந்தாலும் சரி, இந்த இரண்டும் இல்லாமல் வைக்கவே வைக்காதீர்கள் என்பேன். இருந்தாலும் நான் மறுபடி வைக்க மாட்டேன். தினமும் நான்கு பேர் குளித்துத் தெளிக்கும் இடத்தில் அடித்தகடு இரண்டே வருடத்தில் துருப்பிடித்துவிட்டது.

அடுப்படி யோசனை என் வீட்டுக்காரருடையது. பட விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள், மேடைக்கு அடியில் மெஷின் அழகாக உட்கார்ந்திருக்கும். நம் மேடை அப்படி இல்லை. கொத்தனார் கட்டும் சமையல் மேடை தரையிலிருந்து 32, 33 அங்குலம். அதில் கான்கிரீட் பலகையும் மேலே கிரானைட்டும் போக, அடியில் மிஞ்சுவது 29 அங்குலம். மெஷினின் உயரம் 85 செ.மீ., அதாவது முப்பத்து மூன்றரை. கிருஷ்ணகிரி பக்கத்தில் கிரானைட்டுக்குப் பஞ்சமா, மேடையை உயர்த்திக் கட்டிக்கொள்ளலாமே என்றார் வீட்டுக்காரர். உயர்த்தினால் அத்தைக்குக் குக்கருக்குள் என்ன இருக்கிறதென்று எட்டிப் பார்க்க முக்காலி போட வேண்டும்.

அத்தை அதற்கு முன்பே தீர்ப்பு சொல்லிவிட்டார்: "சோறாக்குற இடத்துல அழுக்குத் துணியா?" அதைப் பழைய பேச்சு என்று தள்ளிவிடலாம், ஆனால் இன்னொன்றைத் தள்ள முடியாது. சிங்க் பைப் ஒன்றேகால் அங்குலம்தான், அதில் ஏற்கெனவே சோற்றுப் பருக்கையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்திருக்கும். மெஷின் ஒரே மூச்சில் தண்ணீரைத் தள்ளும்போது சோப்பு நுரை சிங்க் வழியாக மேலே வரும். தெரிந்த வீட்டில் பார்த்தேன், ஊறவைத்த அரிசிப் பாத்திரத்துக்குள்ளேயே நுரை.

அடுப்படிக்கு ஒரே ஒரு நல்ல வாதம் உண்டு, தண்ணீர். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகு தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பல வீடுகளில் குடிக்கக் காவிரித் தண்ணீர், மற்றதுக்கெல்லாம் போர் தண்ணீர் என்று ஆகிவிட்டது. நல்ல தண்ணீர்க் குடம் அடுப்படியில்தான் இருக்கும், மெஷினும் அங்கேயே இருந்தால் அதில் துவைக்கலாமே என்று தோன்றும். நம் போர் தண்ணீர் பேர்போனது ஃப்ளோரைடுக்கு, ஆனால் ஃப்ளோரைடு கெடுப்பது பல்லையும் எலும்பையும்தான், மெஷினுக்கு அதனோடு வழக்கில்லை. மெஷினின் எதிரி கால்சியமும் மக்னீசியமும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை. பக்கெட்டின் உட்புறம் வெள்ளையாகப் படிந்து, சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் போனால் உங்கள் தண்ணீரும் கடினமானதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் குறைவாகச் செலவழிக்கும் ஃப்ரண்ட் லோடுகூட ஒரு தடவைக்கு 50, 60 லிட்டர் குடிக்கும். முறை வைத்து வரும் குடிநீரை அதில் ஊற்றுவதற்கு எனக்கு மனசு வராது. போர் தண்ணீரிலேயே துவைத்துவிட்டு, மாதம் ஒரு முறை துணி போடாமல் எலுமிச்சை உப்பு போட்டு வெந்நீரில் ஓடவிடுகிறேன். ஹீட்டரில் படியும் உப்பு கரைந்துவிடுகிறது.

இனி மொட்டை மாடி. காகிதத்தில் இதைவிட நல்ல இடம் கிடையாது. ஏழு கிலோ துணி மெஷினில் பிழிந்து வெளியே வரும்போதும் பத்து, பதினொரு கிலோ இருக்கும், அதைப் பக்கெட்டில் வைத்து இருபது படி ஏற்றுவதற்குப் பதில் துவைக்கும் இடமும் கொடியும் பக்கத்தில் பக்கத்தில். அக்கா இதைச் சொல்லித்தான் மச்சானைச் சம்மதிக்க வைத்தாள். தகர ஷெட் போட்டு, அறுபது எழுபது கிலோ மெஷினை மூன்று பேர் மூச்சுவாங்கத் தூக்கி ஏற்றினார்கள். சுவிட்சைப் போட்டதும் மெஷின் ஐந்து நிமிடம் நின்று யோசித்துவிட்டுத் தண்ணீர் வரவில்லை என்று பிழைக் குறியீடு காட்டியது. டேங்க் நிரம்பி வழிகிறது, டேப்பைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, அப்புறம் என்ன?

கணக்கு எளிது. பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீருக்குத்தான் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம். கீழ்த்தளத்தில் நின்றால் டேங்கின் அடிப்பகுதி 15 அடி மேலே, கிட்டத்தட்ட 0.45 பார். மாடியில் டேங்க் மேடை 5 அடிதான், 0.15 பார். மெஷினில் தண்ணீர் நுழையும் வாயே தரையிலிருந்து இரண்டரை, மூன்று அடி உயரத்தில் இருப்பதால் அதிலும் பாதிக்கு மேல் போய்விடும். ஃப்ரண்ட் லோடு மெஷின்கள் மாடலைப் பொறுத்துக் குறைந்தது 0.3 முதல் 1 பார் வரை கேட்கும். டேங்குக்குப் பக்கத்தில் வைத்தால் தண்ணீர் நன்றாக வரும் என்று நாம் நினைப்பது தலைகீழ், டேங்குக்கு எவ்வளவு கீழே போகிறோமோ அவ்வளவு நல்லது. அக்கா பிறகு ஒரு சின்ன பிரஷர் பம்ப் வாங்கிச் சேர்த்தாள். அதுவும் ஓடியது, ஆனால் ஆடி மாதக் காற்றில் தகரம் ஒரு மூலை கிளம்பி, சாய்ந்தடித்த மழை போர்டு வரைக்கும் போனதும் மெஷின் இறங்கி வந்துவிட்டது. வெயிலில் மேல் மூடி மஞ்சளாகிப் போனது கூடுதல். மாடியிலேயே ஒரு அறை கட்டி, டேங்கை அந்த அறையின் கூரைமேல் ஏற்றினீர்கள் என்றால் அது வேறு கதை, அப்போது தாராளமாக மாடிக்கே போங்கள்.

பால்கனி பற்றி அதிகம் சொல்ல இல்லை. வாடகை வீட்டு முதல் மாடியில் இருப்பவர்களுக்கு அதுதான் வழி. பால்கனியில் இருப்பது மழைத் தண்ணீர் போகிற குழாய், அது தெருவில் போய்க் கொட்டும், உங்கள் சோப்புத் தண்ணீர் கீழே நிற்கும் யாரோ ஒருவர் வண்டி சீட்டில் விழும். வீட்டு ஓனரைக் கேட்டு பாத்ரூம் லைனோடு சேர்த்துவிட்டு வையுங்கள்.

எங்கள் மெஷின் கடைசியில் வந்து உட்கார்ந்த இடம் மாடிப்படிக்கு அடியில். இதை நாங்கள் முதலிலேயே கணக்கில் எடுக்காததற்குக் காரணம், அங்கே போர் மோட்டார் சுவிட்ச் பெட்டி, பழைய பெயின்ட் டப்பா, பையனின் உடைந்த சைக்கிள் எல்லாம் இருந்தன. எங்களுக்கு அது காலியான மூலையே இல்லை. ஆனால் டேங்கிலிருந்து இறங்கும் பைப் அந்தச் சுவரில்தான் வருகிறது, கழிவுநீர் சேம்பர் அங்கிருந்து 5 அடி, கொடிக்குப் போகும் படி தலைக்கு மேலேயே தொடங்குகிறது. படியின் அகலம் 3 அடி, 2 அடி ஆழமுள்ள மெஷினும் பின்னால் குழாய்க்கு நாலு அங்குலமும் போக மீதி இருக்கிறது. டாப் லோடாக இருந்தால் இந்த இடம் சரிவராது, மூடியைத் தூக்கக் குறைந்தது நாலரை அடி உயரம் வேண்டும், துணி எடுக்கும்போது ஒவ்வொரு முறையும் படியின் அடிப்பக்கத்தில் மண்டை இடிக்கும். முன்னால் திறக்கும் மெஷின் என்பதால் தப்பித்தோம்.

குறை இல்லாமல் இல்லை. வெளித்தரைக்கு மழைத் தண்ணீர் ஓடக் கொத்தனார் வாட்டம் கொடுத்திருந்தார், அதன்மேல் வைத்தால் பிழியும்போது நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும் மெஷின் நடந்தே வாசலுக்கு வந்துவிடும். நாலு அங்குல உயரத்துக்கு மேடை கட்டி ரசமட்டம் வைத்துச் சரிபார்த்த பிறகுதான் அடங்கியது. அடுத்தது எலி. மெஷினின் அடிப்பக்கம் திறந்துதான் இருக்கும், எலிக்கு ஒயர் என்றால் உயிர். அடியில் கம்பி வலை, முன்னால் ஒரு கிரில் கதவு. பெரிய லாரி போனால் செம்மண் புழுதி வருகிறது, பழைய போர்வையைப் போட்டு மூடுகிறேன். பிளம்பர், கொத்தனார் கூலி, பைப், கிரில் எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் ஆனது. பாத்ரூமில் வைப்பதற்கு முன்னால் இதைச் செய்திருந்தால் துருப்பிடித்த அடித்தகடு மாற்றின காசு மிஞ்சியிருக்கும்.

வெளிப்படிக்கட்டு இல்லாத வீடு என்றால்? அண்ணன் வீட்டைத்தான் காட்டுவேன். அண்ணி வைத்திருப்பது செமி ஆட்டோமேட்டிக், கீழே சக்கரம் வைத்தது, இருபது சொச்சம் கிலோ. துவைக்கிற நாளில் பின்வாசலுக்கு உருட்டிக்கொண்டு வருவார், பக்கெட்டில் தண்ணீர் ஊற்றுவார், அழுத்தம் கிழுத்தம் என்று எந்தக் கணக்கும் கிடையாது. கழிவுத் தண்ணீர் தானாகவே கீழே இறங்கித் தென்னைமரத்துக்குப் போகும். முடிந்ததும் உள்ளே உருட்டி, மேலே ஒரு துணி போட்டால் அதுவே இஸ்திரி வைக்கிற மேஜை. துவைக்கிற தொட்டியிலிருந்து பிழிகிற தொட்டிக்குத் துணியைக் கையால் மாற்ற வேண்டும், பக்கத்திலேயே நிற்க வேண்டும், அது மட்டும்தான் தொல்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய தொல்லைதான், எனக்கு ஒத்துவராது.

உலர்த்தும் மெஷினையும் சேர்த்து வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தர்மபுரி வெயிலுக்கு எதற்கு? ஓசூர் பக்கம் கொடி கட்ட இடமில்லாத அடுக்குமாடியில் மார்கழிப் பனியில் துணி இரண்டு நாள் காயாமல் கிடக்கிறவர்கள் மட்டும் யோசிக்கலாம், அப்போது ஃப்ரண்ட் லோடின் தலைமேல் அடுக்குகிற மாதிரி இடத்தை இப்போதே விட்டுவையுங்கள்.

இடம் மாற்றும்போது ஒன்றை மறக்காதீர்கள். புது மெஷினோடு வரும் டிரான்சிட் போல்ட்டுகளைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள், அவற்றைப் பூட்டாமல் தூக்கினால் உள்ளே டிரம் ஆடி அடிபடும். நாங்கள் எறிந்துவிட்டு, பிறகு மெக்கானிக்கிடம் கெஞ்சி வாங்கினோம்.

படிக்கு அடியில் மெஷினை ஏற்றியபோது அங்கே இருந்த துவைக்கிற கல்லைப் பெயர்த்துவிடலாம் என்றார் கொத்தனார். அத்தை விடவில்லை. மெஷின் ஓடும்போதே பக்கத்தில் தன் இரண்டு சேலையை மட்டும் அதில் அடித்துத் துவைக்கிறார், இரண்டு சோப்புத் தண்ணீரும் ஒரே சேம்பருக்குத்தான் போகிறது.