கொழும்பு மாநாடா, இணையப் பாடமா, பக்கத்து கிளினிக்கா? வன்னி வைத்தியர் பெண்நோயியல் கற்கும் வழிகள்

வன்னியில் ஒரு பிரதேச வைத்தியசாலைக்கு வரும் பெண்நோய்களில் பெரும்பாலானவை கத்தி தேவைப்படாதவை. மாதவிடாய்ப் பெருக்கு, வெள்ளைபடுதல், லூப் என்னும் கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனத்தைப் போடுவது, கழற்றுவது, கருப்பை இறக்கம், மாதவிடாய் நின்றபின் வரும் இரத்தக்கசிவு. இவற்றில் பலவற்றைக் கிளினிக் அறையிலேயே பார்த்து முடிக்கலாம். கைப்பழக்கம் இல்லாவிட்டால் துண்டு எழுதி முல்லைத்தீவுக்கோ கிளிநொச்சிக்கோ அனுப்புகிறோம். கொக்கிளாயிலிருந்தோ முழங்காவிலிலிருந்தோ அந்தத் துண்டுடன் புறப்படும் பெண் ஒரு நாள் கூலியை இழக்கிறார். குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் நிறைந்த இந்தப் பகுதியில், போகாமலே விட்டுவிடுபவர்களும் உண்டு. ஆகவே எந்தத் தொடர்கல்வியைப் பற்றியும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இதைக் கற்று வந்தால் அடுத்த மாதம் எத்தனை துண்டுகள் குறையும்?

முதலில் கொழும்பு. 1887இல் தொடங்கிய இலங்கை மருத்துவச் சங்கமும், 1953இல் தொடங்கிய மகப்பேற்று, பெண்நோயியல் நிபுணர்களின் கல்லூரியும் ஆண்டு மாநாடு நடத்துகின்றன. பெரிய மண்டபத்து உரைகளில் கணிசமானவை சத்திரசிகிச்சை நிபுணர்களுக்கானவை. லப்ரொஸ்கோபி (சிறு துளை வழியே கமரா செலுத்திச் செய்யும் சத்திரசிகிச்சை) வசதியே இல்லாத இடத்துக்குத் திரும்பிப் போகிறவருக்கு அவை அறிவுக்கு நல்லவை, அவ்வளவுதான். இத்தகைய மாநாடுகளுக்கு முந்திய நாளில் நடக்கும் பயிற்சிப்பட்டறைகள் வேறு ரகம். அங்கே பொம்மையில் லூப் போட்டுப் பார்க்கலாம், ஸ்கான் கருவியைக் கையில் பிடிக்கலாம். இன்னொரு லாபம் அறிமுகம். சந்தேகம் வந்தால் கூப்பிட ஒரு நிபுணரின் தொலைபேசி எண் கிடைப்பதைச் சிறிதாக நினைக்கக் கூடாது.

ஆனால் கிளிநொச்சியிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். ஒரே வைத்தியர் உள்ள வைத்தியசாலையில் அவர் இரண்டு நாள் இல்லையென்றால் பதிலுக்கு ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் கிடைக்காததால் விண்ணப்பத்தை மடித்து வைத்தவர்களை நான் அறிவேன்.

இணையப் பாடங்கள் இந்தச் சிக்கலைத் தீர்க்கின்றன. இரவு கடமை முடிந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகும் படிக்கலாம். இவற்றில் எதை நம்புவது என்பதற்கும் விடை உண்டு. லியோன் நகரில் இயங்கும் புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை, கருப்பைக் கழுத்தின் படங்களையும், அதைப் பெரிதாக்கிப் பார்க்கும் கொல்பொஸ்கோபிப் பரிசோதனைக்கான பாடங்களையும் இலவசமாகத் தருகிறது. எந்தப் பெண்ணுக்கு எந்தக் கருத்தடை முறை பொருந்தும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டியும் இலவசம். உயர் குருதி அழுத்தமுள்ள தாய்க்குக் இரண்டு ஹோர்மோன்கள் சேர்ந்த கூட்டுக் கருத்தடை மாத்திரை கொடுக்கலாமா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, பார்த்துவிடலாம். அசாதாரண இரத்தப்போக்கின் காரணங்களை ஒன்பதாக வகுத்து, சர்வதேச மகப்பேற்று, பெண்நோயியல் கூட்டமைப்பு 2011இல் வெளியிட்ட பாகுபாட்டைத் திரையிலேயே முழுமையாகக் கற்கலாம். மாதவிடாய் நின்றபின் இரத்தம் கண்ட பெண்ணின் ஸ்கானில் கருப்பை உட்படலத்தின் தடிப்பு 4 மில்லிமீற்றருக்கு மேல் இருந்தால் அடுத்து என்ன செய்வது என்பதும் அப்படியே. முடிவெடுக்கும் அறிவுக்கு இணையத்தை விஞ்சிய வழி இல்லை என்றே சொல்வேன். கட்டணம் வாங்கிச் சான்றிதழ் தரும் வெளிநாட்டுப் பாடங்களுக்கு அவசரப்பட்டுப் பணம் கட்டத் தேவையில்லை.

திரை தராதது கைப்பழக்கம். கருப்பை இறக்கத்துக்கு வைக்கும் வளையத்தையே எடுத்துக்கொள்வோம். வயலிலும் தண்ணீர்க் குடத்திலும் காலம் கழித்த அம்மாமார் இதற்குத்தான் வருகிறார்கள். எந்த அளவு வளையம் என்பதை விரல்தான் சொல்லும். வைத்தபின் வளையத்துக்கும் யோனிச் சுவருக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். இறுக்கமாக இருந்தால் புண்ணாகும், தளர்வாக இருந்தால் பஸ்ஸில் ஏறும்போதே நழுவிவிடும். பிறகு அவரை எழுப்பி, இருமச் சொல்லி, நடக்கவிட்டு, சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்ல வேண்டும். வளையம் இடத்தில் இருந்தால்தான் வீட்டுக்கு அனுப்பலாம். அந்த விரல் இடைவெளி எப்படி இருக்கும் என்பதை எந்தக் காணொளியும் கற்றுத்தராது. அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நின்று, “இது பெரிது, ஒரு அளவு குறைத்துப் போடுங்கள்” என்று சொல்ல வேண்டும்.

அதனால்தான் மூன்றாவது வழியை முதலிடத்தில் வைக்கிறேன்: அருகிலுள்ள மாவட்டப் பொது வைத்தியசாலையின் பெண்நோயியல் கிளினிக்கில், வாரம் ஒரு நாள், சில மாதங்கள் நிபுணருடன் இருப்பது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்கிலும் மாவட்டப் பொது வைத்தியசாலைகள் உண்டு. காலையில் போய் மாலையில் திரும்பலாம். அங்கே வரும் நோயாளிகளும் நம் ஊர்ப் பெண்களே. ஆண் வைத்தியர் என்றதும் தயங்கி நிற்கும் பெண்ணிடம் எப்படிப் பேசுவது, பரிசோதனைக்கு முன் என்ன சொல்வது, எப்போது வற்புறுத்தாமல் விட்டுவிடுவது என்பதையும் அந்த அறையில்தான் கற்க முடியும். தமிழ் சரளமாக வராத வைத்தியர்களுக்கு இது இரட்டிப்புப் பயன்.

குறையும் உண்டு. நெரிசலான கிளினிக்கில் போய் நிற்பவரிடம் கொப்பி எழுதும் வேலையைக் கொடுத்துவிடுவார்கள். மாலையில் கை வலிக்கும், கற்றது இராது. முதல் நாளே நிபுணரிடம் கேட்டு, இத்தனை லூப், இத்தனை வளையம், இத்தனை பாப் பரிசோதனை (கருப்பைக் கழுத்துக் கலங்களை எடுத்துப் பார்ப்பது) மேற்பார்வையில் செய்வேன் என்று எழுதிக்கொள்வது நல்லது. நிபுணர் இடமாற்றத்தில் போய்விட்டால் எல்லாம் நின்றுவிடும் ஆபத்தும் இருக்கிறது.

கொழும்புப் பல்கலைக்கழகப் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் குடும்ப மருத்துவ டிப்ளோமா மதிப்பானதுதான். ஆனால் அது முழு மருத்துவத்துக்கும் உரிய நீண்ட பாதை. லூப் போடப் பழக அதுவரை காத்திருக்க முடியாது.

ஆகவே என் வரிசை இது. அறிவுப் பகுதியை இணையத்தில் முதலில் முடியுங்கள், பிறகு மாவட்டக் கிளினிக்குக்குப் போங்கள். கொழும்புக்குப் போவதானால் பயிற்சிப்பட்டறை நாளுக்குப் போங்கள்.

குடும்பநல உத்தியோகத்தரை மறந்துவிட வேண்டாம். 1996 முதல் நடக்கும், பெண்களை நோய்க்கு முன்பே பரிசோதிக்கும் வெல் வுமன் கிளினிக்குகளுக்கு 35 வயதுப் பெண்களை வீடு வீடாகப் போய் அழைப்பவர் அவர்தான். 2030க்குள் 70 சதவீதப் பெண்கள் 35 வயதுக்குள்ளும் மீண்டும் 45 வயதுக்குள்ளும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்காகப் பரிசோதிக்கப்பட வேண்டும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு வன்னியில் அவர் கையில்தான் இருக்கிறது. பரிசோதனை அறையில் நோயாளியின் கையைப் பிடித்து நிற்பவரும் அவரே. பயிற்சி நாள்களில் சிலவற்றுக்காவது அவரையும் அழைத்துப் போக வேண்டும். பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு எழுதும் கடிதத்தில் மூன்று கோரிக்கைகள் இருக்கட்டும்: வைத்தியருக்குக் கடமை விடுப்பு, குடும்பநல உத்தியோகத்தருக்கும் கடமை விடுப்பு, அந்த நாளுக்கு ஒரு பதில் வைத்தியர்.